நாலு வருடம் நான் சுகந்தியாக இருந்தேன்

என் பிள்ளை துளசிக்கு,

நீ முன் அறையில் சூட்கேஸை மூன்றாவது தடவையாகத் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாய். மிளகாய்த்தூளை எடுப்பதா, ஒடியல் மாவை எடுப்பதா என்று உனக்கும் அந்தத் தராசுக்கும் வழக்கு நடக்கிறது. நான் குசினியில், சோறு வேகிற நேரத்தில், உன் பழைய ஜப்பான் பாஷைக் கொப்பியின் பின்பக்கங்களில் இதை எழுதுகிறேன். சற்று முன் நீ எட்டிப் பார்த்து, "என்னம்மா, கடைச் சாமான் எழுதுறீங்களோ?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். பொய். இனி எழுதப்போவதெல்லாம் உண்மை என்பதால் அந்த ஒன்றை மன்னித்துவிடு.

இதை உன் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்தால், நீ ஜப்பானில் போய் இறங்கிப் பெட்டியைத் திறக்கும்போது வாசிப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, சீ, அது கோழை வேலை என்று பட்டது. ஒளித்து ஒளித்துத்தானே நான் ஒரு தாயையும் மகளையும் கெடுத்தேன்? அதனால் நீ கொழும்பு பஸ் ஏறுவதற்கு முதல் நாள் காலையிலேயே உன் கையில் தருவேன். தர மறந்தாலும் மறப்பேன். அதற்காக உன் பாஸ்போட்டுக்குள் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், 'அம்மாவிடம் கடிதத்தைக் கேள்' என்று. வயதானவர்களைப் பார்க்கிற எங்கள் வேலையில் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் துண்டு எழுதி வைப்போம். எனக்கே எழுதி வைப்பேன் என்று நினைக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது. வயது போனதால் வருகிற சாதாரண மறதி இல்லை. நான் பதினொரு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பார்த்த அதே நோய். போன வருடம் ஒரு நாள் பாலையூற்றில் இறங்க வேண்டியவள் கந்தளாய் வரைக்கும் போய் இறங்கி, குளக்கட்டைப் பார்த்துக்கொண்டு, இது எந்த ஊர், நான் ஏன் வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். உன்னிடம், பஸ் உடைந்துவிட்டது, அதுதான் சுணங்கியது என்று சொன்னேன். நீயும் நம்பினாய். நம்பாமல் என்ன செய்வாய், இந்த றோட்டில் பஸ் உடையாத நாள் எது?

பயந்துபோய்க் கிளினிக்குக்குப் போகத் தீர்மானித்தேன். அங்கேதான் என் புத்தி செய்த கூத்தைக் கேள். அந்தக் கிளினிக்குக்கு எத்தனையோ பேரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் நான். டொக்டர் என்ன கேட்பார் என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்றைக்கு என்ன கிழமை என்பார். மூன்று சொல் சொல்லி, பிறகு திருப்பிக் கேட்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். மணிக்கூடு ஒன்று கீறி பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார். சோதனைக்குப் போகிற பிள்ளை போல ஒரு கிழமை இருந்து பாடமாக்கினேன். நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று தேங்காய் துருவும்போதும் சொன்னேன். நீ ஜப்பான் பாஷை பாடமாக்கியபோது பக்கத்தில் நான் முணுமுணுத்தது தேவாரம் என்றுதானே நினைத்தாய்? டொக்டர் என் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "அன்ரி, உங்களுக்கு என்னை விட நல்ல ஞாபகம்" என்று சிரித்து அனுப்பிவிட்டார். நான் பாரை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வைத்தியரை ஏமாற்றி நோயைக் காப்பாற்றி வைத்த மூதேவி நான். ஒரு வருடம் மருந்தில்லாமல் போய்விட்டது.

இந்த வருடம் திரும்பப் போனேன். அதே மேசை, அதே கேள்வி. பாடமாக்கியது எல்லாம் காற்றோடு போய்விட்டது. வட்டம் மட்டும் வந்தது. பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதியிருந்தேன். அதே மாதிரி மணிக்கூட்டை வேறொருவர் கீறியபோது பக்கத்தில் இருந்து, "பரவாயில்லை அம்மா, வடிவாத்தான் இருக்கு" என்று முதுகைத் தடவினவள் நான். அன்றைக்கு என் பக்கத்துக் கதிரை சும்மா கிடந்தது. வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன், துளசி. ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று குப்பைக் கடதாசியைத் தின்றுகொண்டு என்னையே பார்த்தது.

அடுத்த நாள், ஆள் அனுப்புகிற கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். என்னையே வீடுகளுக்கு அனுப்பிய கந்தோர்தான். சொந்தக்காரி ஒருத்திக்கு மறதி நோய், பார்க்க ஒரு பொம்பிளை வேணும் என்றேன். கந்தோரில் பேசிய பிள்ளை சொன்னாள்: "ஆளுக்கு எங்க அன்ரி போறது? பழகின ஆக்கள் எல்லாரும் வெளிக்கிட்டிட்டினம். குவைத், சைப்பிரஸ், இப்ப ஜப்பான். கந்தளாய்ப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு இருக்கு, அதுவும் தன்ர விசா வாற மட்டும்தான் நிக்கும். அது சரி, உங்கட மகளும் இந்தக் கிழமை போறாவாமே? கெட்டிக்காரி!" ஓம், கெட்டிக்காரிதான் என்று சொல்லி வைத்தேன். அரிசி விளைகிற ஊரில் சோற்றுக்குப் பஞ்சம் என்பது இதுதான். கிழடுகளைப் பார்க்கத் தெரிந்த கைகளை எல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, எங்கள் கிழடுகள் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அதில் இனி நானும் ஒருத்தி.

நீ இந்த வேலையைப் பாடமாகப் படித்தவள். ரப்பர் பொம்மையைப் புரட்டவும், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றவும், தொண்டையில் சிக்காமல் ஊட்டவும் உனக்குத் தெரியும். உன் சேர்ட்டிபிக்கற்றில் இல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். ராசமணி அன்ரியின் கதை. உனக்கு அதில் பாதிதான் தெரியும், அதுவும் பிழையான பாதி.

அன்ரி துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் ரெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர். வீடு உள்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கையில். கையில் எது கிடைத்தாலும் காதில் வைப்பார். சீப்பை வைப்பார், சவர்க்காரப் பெட்டியை வைப்பார், ஒரு நாள் கத்தரிக்காயை வைத்தார். "துறைமுகம். ஆர் வேணும் உங்களுக்கு?" என்பார். "கப்பல் ஒண்டு வேணும் அம்மா" என்று நான் பகிடி விட்டால், "எந்தக் கப்பல் எண்டு வடிவாச் சொல்லுங்கோ, எனக்கு மற்ற லைன் அடிக்குது" என்று எரிந்து விழுவார். அவருக்கு ஒரே மகள், சுகந்தி. கனடாவில். புருஷனும் பிள்ளைகளும் வேலையுமாக வர முடியாமல் இருந்தவள். கெட்டவள் இல்லை. மாதம் தவறாமல் தாய்க்கு வேண்டியதை எல்லாம் அனுப்பினாள், தன்னைத் தவிர.

நான் அங்கே வேலைக்குப் போன முதல் கிழமையே அன்ரி என்னைச் சுகந்தி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். "நான் சுகந்தி இல்லை, உங்களைப் பாக்க வந்த ஆள்" என்று நான் திருத்துவேன். திருத்தினால் முகம் சுருங்கும். "அப்ப என்ர பிள்ளை எங்க?" என்று அலறி அழுவார். வாயைத் திறக்க மாட்டார், சோற்றை என் முகத்திலேயே துப்புவார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீரோடு இருந்தார். பின்னேரம் என்னிடமிருந்து வேலையை ஏற்க வருகிற பரீதாவை உனக்கு ஞாபகம் இருக்கும், கிண்ணியாக்காரி. அவள்தான் சொன்னாள்: "பேரில என்ன கிடக்கு தங்கச்சி? சோறு இறங்கினாப் போதும்." மூன்றாம் நாள் மத்தியானம் அன்ரி, "சுகந்தி" என்றார். நான், "ஓம் அம்மா" என்றேன். அவர் வாயைத் திறந்தார். ஒரு கோப்பைச் சோறும் இறங்கியது.

அன்றிலிருந்து நாலு வருடம், காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மட்டும், நான் சுகந்தி. அதை வேலை என்று மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகும். என் அம்மா நான் சின்னப் பிள்ளையாய்ச் சட்டை போடுகிற வயதிலேயே செத்துப்போய்விட்டார். ஒருத்தி என் தலையை இழுத்து வைத்து எண்ணெய் தேய்த்து, "உச்சி கோணல், சுகந்தி, நீ எப்பதான் திருந்தப் போறாய்" என்று திட்டுவது எனக்கு ருசியாக இருந்தது. ஐம்பது வயதுக் கிழவிக்கு அம்மா கிடைத்தால் விடுவாளா? அந்த ருசிக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பதினேழு வயதில் டெங்குக் காய்ச்சல் வந்தது. நீ பாயில் சுருண்டு கிடந்தாய். கந்தோரில் பதில் ஆள் இல்லை என்றார்கள். நான் இல்லாவிட்டால் அன்ரி சாப்பிட மாட்டார் என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டு, உன் தலைமாட்டில் இளநீரை வைத்துவிட்டு வெளிக்கிட்டேன். நீ கண்ணைத் திறக்காமலே, "போங்கோ, சுகந்தி. உங்கட அம்மா பாத்துக்கொண்டு இருப்பா" என்றாய். நான் உனக்கு அடி கூடத் தரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். அதற்கு இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து வீடியோவில் சுகந்தி வருவாள். திரையில் தெரிகிற மகளைப் பார்த்து அன்ரி, "பிழையான நம்பருக்கு எடுத்திருக்கிறீங்கள், பிள்ளை. வைக்கிறன்" என்று கந்தோர்க் குரலில் சொல்லி, சிவப்புப் பொத்தானையும் அமர்த்திவிடுவார். அது மட்டும் மறக்கவில்லை. சுகந்தி திரும்ப எடுத்தால் நான், "இஞ்ச சிக்னல் சரியில்லை" என்பேன். இன்னொரு நாள், "அம்மா நித்திரை" என்பேன். அவள், "அம்மா என்னைக் கேக்கிறாவோ?" என்று கேட்பாள். "ஒவ்வொரு நாளும் சுகந்தி, சுகந்தி எண்டுதான் இருக்கிறா" என்பேன். அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார். அவளுக்கு அப்போதே, "தங்கச்சி, அம்மா உங்கட பேரால என்னைக் கூப்பிடுறா, உங்களை அவவுக்குப் பிடிபடேல்லை" என்று சொல்லியிருந்தால், அவள் அங்கே அழுது தீர்த்துவிட்டு, அதற்கு ஆயத்தமாக வந்திருப்பாள்.

அவள் ஓர் ஆடி மாதத்தில், சொல்லாமல், தாயைத் திகைக்க வைக்க வேண்டும் என்று வந்தாள். படலை திறந்தது. இரண்டு பெட்டியோடு ஒரு பொம்பிளை ஓடிவந்து, "அம்மா!" என்று வாசலில் நின்றாள். அன்ரி கதிரையில் இருந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆர் இவ? தூரத்தில இருந்து வந்தவ போல கிடக்கு. சுகந்தி, இவவுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு" என்றார். நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நாலு வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பியும் விட்டேன்.

தேத்தண்ணியை வைத்தேன். அவள் தொடவில்லை. "என்ர பேரை ஆர் உமக்குத் தந்தது?" என்று மட்டும் கேட்டாள். நான் சோற்றுக் கதையைச் சொன்னேன், அழுகையைச் சொன்னேன். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. "நான் வெளியில இருந்து உழைச்சு அனுப்ப, நீர் என்ர அம்மாவைக் களவெடுத்திருக்கிறீர்" என்றாள். அன்று பின்னேரமே என்னை நிற்பாட்டிவிட்டாள். மேசையில் அந்தத் தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது. அன்ரி கதிரையிலிருந்து, "நாளைக்கு வெள்ளன வா, சுகந்தி" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

பிறகு நடந்ததைத்தான் நீ ஊரார் வாயில் கேட்டாய், நான் கவனமில்லாமல் விட்டதால் அன்ரி விழுந்தார் என்று. நான் அங்கே இல்லவே இல்லை. பரீதா குவைத்துக்குப் போய்விட்டாள். கந்தோர் அனுப்பிய பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, விசா வரவும் போனார்கள். சுகந்தி லீவை நீட்டி நீட்டி நின்றாள். தன் கையால் ஊட்டப் பார்த்தாள், பழைய படங்களைக் காட்டினாள், "நான்தான் அம்மா சுகந்தி" என்று மன்றாடினாள். அன்ரிக்கு அவள், வீட்டை விட்டுப் போக மறுக்கிற விருந்தாளி. ஒவ்வொரு நாள் காலையும் எட்டு மணிக்கு, என் பஸ் வருகிற நேரத்தில், படலையில் வந்து நிற்பாராம். ஒரு நாள் வேலைப் பிள்ளை உடுப்புத் தோய்க்கப் போன நேரம் படலை திறந்து கிடந்திருக்கிறது. கைப்பையையும் எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார். இறங்குகிற ஒவ்வொருவரிடமும், "சுகந்தி வரேல்லையோ?" என்று கேட்டாராம், கடைக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். திரும்பும்போது றோட்டோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அந்த நேரம் நான் வேறொரு வீட்டில் வேறொரு கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

சுகந்தி ஓட்டோ அனுப்பி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள், பத்து வயது கூடினவள் போல இருந்தாள். "அக்கா, மூண்டு நாளா வாய் திறக்கிறா இல்லை. நீங்களே சுகந்தியா இருங்கோ. நான் தள்ளி நிக்கிறன்" என்றாள். ஐயோ, அதைச் சொல்ல அவளுக்கு என்ன நெஞ்சு வேண்டியிருந்திருக்கும்! நான் குனிந்து, "அம்மா, சுகந்தி வந்திருக்கிறன்" என்றேன். அன்ரி கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தார். நான் போன அந்த இரண்டரை மாதத்தில் அவர் நினைவிலிருந்து என் முகமும் கழன்றுவிட்டது. கையை மெல்லக் காதுக்குக் கொண்டுபோய், "துறைமுகம். ஆர் வேணும் உங்களுக்கு?" என்றார். என் முதுகுக்குப் பின்னால் சுகந்தி, "அம்மா வேணும்" என்று விம்மினாள். "அப்பிடி இஞ்ச ஒருத்தரும் இல்லை, பிள்ளை" என்றார். எவ்வளவு மரியாதையான குரல். இரண்டு நாளில் போய்விட்டார். இரண்டு சுகந்திகளில் ஒருத்தியும் அவருக்கு மிஞ்சவில்லை.

இதில் படிப்பினை ஏதாவது இருக்கிறதா என்று நான் இத்தனை வருடமும் தேடிப் பார்த்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. நான் சுகந்தி இல்லை என்று நின்றிருந்தால் அன்ரி பட்டினியில் போயிருப்பார். சுகந்தியாக இருந்தேன், ஏங்கிப் போனார். அங்கே ஒரு கிழவி உன்னை அவர்கள் பாஷையில் மகளே என்று கூப்பிடுவாள், பார். கூப்பிட்டால் ஓம் என்று சொல்லு. சோறு இறங்க வேண்டுமே. ஆனால் அன்றைக்கே, அந்த நாளே, சொந்த மகளுக்கு அதைச் சொல்லிவிடு. அவள் உன் மேல் கோபப்படட்டும், பாதகமில்லை. நான் உனக்குத் தரக்கூடிய புத்தி இவ்வளவுதான்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கிறது. இத்தனை நாளும் அதை மென்று விழுங்கிக்கொண்டு உன் ஒடியல் மாவைப் பொதி கட்டினேன். இதை வாசித்தால் நீ நின்றுவிடுவாய் என்றும் பயம், நிற்க மாட்டாய் என்றும் பயம். நீ நின்றால் என்ன நடக்கும் என்று என்னை விட நன்றாக யாருக்குத் தெரியும்? இந்த அன்புவழிபுரத்து வீட்டுக்குள் என்னோடு அடைந்து, உன் வயதைக் கரைத்து, கடைசியில் ஒரு காலை நான் உன்னைப் பார்த்து, நீங்கள் ஆர் என்று கேட்பேன். போனால் அதைக் கேட்க நீ இருக்க மாட்டாய். இரண்டிலும் எனக்கு வெளிச்சம் தெரியவில்லை. போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கந்தளாய்ப் பிள்ளையோ வேறு எவளோ, யாரோ ஒருத்தி என்னைப் பார்க்க இங்கே இருப்பாள். நான் அவளைத் துளசி என்று கூப்பிடுவேன். என்னை எனக்குத் தெரியும், கட்டாயம் கூப்பிடுவேன், உன் பெயரை விட்டால் என் வாயில் வேறென்ன இருக்கிறது? அவள் ஓம் அம்மா என்று சொல்லட்டும். அவளை நிற்பாட்டிவிடாதே. நீ லீவில் வந்து படலையைத் திறந்துகொண்டு நிற்கும்போது, நான் உன்னை ஏற இறங்கப் பார்த்து, இவவுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு, துளசி என்று அவளிடம் சொன்னால், அழு, ஆனால் சண்டை பிடிக்காதே. கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இரு. உனக்குச் சீனி குறைவாகப் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, நீயே சொல்லு. ஆற விடாமல் குடித்துவிட்டுப் போ, என்ர பிள்ளை.

அம்மா